நாலு வீட்டுக் கிணறும் என் எக்ஸ்எம்எல் கோப்பும்

எக்ஸ்எம்எல் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: வீட்டில் யாராவது அலுமாரியைத் திறந்துவிட்டு மூடாமல் போனால் நெஞ்சு பதறும். உங்களில் யாருக்காவது அந்த வியாதி இருந்தால் இப்படி வந்து பக்கத்துக் கதிரையில் இருங்கோ, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இல்லாதவர்கள் குடுத்து வைத்தவர்கள். அவர்களும் இருக்கலாம், ஆனால் சிரிக்கக் கூடாது.

விசயம் இதுதான். ஒரு கணினியில் இருக்கும் தகவலை இன்னொரு கணினிக்குக் குடுக்க வேண்டும் என்றால் சும்மா குடுக்க ஏலாது. 'பெயர்' என்று ஒரு அடையாளத்தைத் திறந்து, பெயரை எழுதி, 'பெயர் முடிந்தது' என்று இன்னொரு அடையாளத்தால் மூட வேண்டும். 'வீடு' என்று திறந்து, அதற்குள்ளே 'கிணறு' என்று திறந்தால், முதலில் கிணற்றை மூட வேண்டும், பிறகுதான் வீட்டை மூடலாம். ஒன்றை மறந்தாலும் அந்தப் பக்கத்துக் கணினி முழுக் கோப்பையும் திருப்பி அனுப்பிவிடும். இதுதான் எக்ஸ்எம்எல். இதைப் படிக்கத்தான் நான் மூன்று வருசம் மினக்கெட்டேன்.

கிளிநொச்சியில் ஏ ஒன்பது வீதியோரம், ஒரு சீமெந்துக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். மூன்று பேர். முதலாளி குகன் அண்ணை, முல்லைத்தீவிலிருந்து வந்து இங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கும் பர்சானா, புளியங்குளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் நெரிபட்டு வரும் நான். கொழும்பில் இருக்கும் ஒரு திட்ட அலுவலகம் எங்களுக்கு ஒரு வேலை தந்தது. ஊர்களில் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்து, தண்ணீர் குடிக்கக் கூடாத வீடுகளுக்கு வடிகட்டி குடுக்கிற திட்டம். தொண்டர்கள் வீடு வீடாகப் போய் விபரம் எடுப்பார்கள். பர்சானா அதை ஒழுங்குபடுத்துவாள். நான் எழுதிய கணினி நிரல் அதை எக்ஸ்எம்எல் ஆக்கிக் கொழும்புக்கு அனுப்பும். கோப்பில் இருக்கிற வீட்டுக்கு வடிகட்டி வரும், இல்லாத வீட்டுக்கு வராது. இதை மட்டும் ஞாபகம் வைத்திருங்கோ. நான் ஒரு நாள் மறந்துவிட்டேன்.

முள்ளு

கீழ்க்கடை முதலாளி நல்ல மனிசன். மாடித் தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழிந்தால் படியேறி வந்து கத்துவார். கத்தி முடிய ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கதைப்பார். ஒரு நாள் அப்படிக் கத்தி முடித்து இருந்தவர், என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். திரை முழுக்கக் கூர்க் குறிகள், இடப்பக்கம் பார்த்தபடி பாதி, வலப்பக்கம் பார்த்தபடி பாதி.

"உதில விசயம் எங்க கிடக்கு?" என்று கேட்டார். நான் விரலை வைத்துக் காட்டினேன். ஒரு பெண்ணின் பெயர், ஐந்தே எழுத்து. அதற்கு முன்னால் இருபது எழுத்தில் ஒரு அடையாளம், பின்னால் இருபத்தொரு எழுத்தில் இன்னொன்று. ஐந்து எழுத்தைக் கொழும்புக்கு அனுப்ப நாற்பத்தொரு எழுத்து காவலுக்குப் போகிறது என்று விளக்கினேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார்.

"பிள்ளை, முள்ளாத்தான் கிடக்கு. மீனைக் காணேல்லை."

ஒன்றாம் இலக்க வீடு

கொழும்பு எங்களுக்கு ஒரு ஸ்கீமா தந்திருந்தது. எந்தத் தகவல் எங்கே இருக்க வேண்டும், எது கட்டாயம் என்று சொல்லும் சட்டப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கோ. அதன்படி வீட்டு இலக்கம் கட்டாயம், இலக்கம் மட்டும்தான் எழுதலாம். எங்கள் ஊர்களில் வீட்டுக்கு இலக்கம் எங்கே இருக்கிறது? 'மில்லடியால உள்ளுக்குப் போய், பாலை மரத்தடியில ரெண்டாவது படலை' என்றால் தபால்காரர் நேரே வந்து நிற்பார். கணினி நிற்காது.

தொண்டர்களும் பாவங்கள், தங்களால் ஏலுமானதைச் செய்தார்கள். ஒருவர் மின்சார மீற்றர் இலக்கத்தை எழுதினார். ஒருவர் வீட்டுக்காரரின் தொலைபேசி இலக்கத்தையே எழுதினார். இன்னொருவர் எல்லாரையும் விட ஒழுங்கான ஆள், ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடமாட்டார். அவர் ஊர் முழுக்க எல்லா வீட்டுக்கும் 'ஒன்று' என்று போட்டு அனுப்பினார். கேட்டால், "அக்கா, கட்டாயம் எண்டியள், போட்டிருக்கிறன்" என்றார். கோப்பு ஏறிவிட்டது. அதுதான் வில்லங்கம்.

அடுத்த நாள் கொழும்பிலிருந்து ருவன் தொலைபேசியில் எடுத்தார். எங்கள் கோப்புகளைப் பார்க்கும் அதிகாரி, ஆங்கிலத்தில்தான் கதைப்பார், ஒரு நாளும் குரல் உயர்த்த மாட்டார். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"மிஸ், ஒன்றாம் இலக்க வீட்டில் நூற்றுப் பதினான்கு குடும்பங்கள் இருக்கின்றன. இவர்களுக்கு முதலில் வேண்டியது வடிகட்டி இல்லை, வீடு."

சொந்தம்

அடுத்த கட்டாயம் குடும்பப் பெயர். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை என்று ருவனுக்கு மூன்று மின்னஞ்சல் எழுதினேன். 'இருக்கும், பாருங்கள்' என்று மூன்று பதில் வந்தது. சரி என்று தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் என்று போட்டேன். புருசனுக்கு அவருடைய தகப்பன் பெயர். மனுசிக்குப் புருசன் பெயர். பிள்ளைகளுக்கும் அதே பெயர். கூட இருக்கிற மாமனாருக்கோ அவருடைய தகப்பன் பெயர், அது யாருக்கும் தெரியாத ஒரு பெயர்.

கொழும்புக் கணினி பார்த்துவிட்டு, ஒரே கூரையின் கீழ் மூன்று குடும்பம் இருக்கிறது, உறவு தெளிவில்லை என்று சிவப்புக் கோடு போட்டு அனுப்பியது. பர்சானா தன் குடும்பத்தைப் போட்டுப் பரீட்சித்துப் பார்த்தாள். அவர்களுக்கும் அதே சிவப்பு. அவள் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை.

"வாப்பா இருந்த காலமெல்லாம் நானும் தம்பியும் அவரோட சும்மா ஒரு வீட்டில இருந்திருக்கிறம் அக்கா. கொம்பியூட்டருக்கு வாப்பா எங்களுக்குச் சொந்தமில்லை."

தகப்பனும் மக்களும்

இந்தத் தலையிடி தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடைப் பெயர்களில் 'அன்ட் சன்ஸ்' என்பதற்குப் போடும் அந்தச் சுருட்டுக் குறி எக்ஸ்எம்எல்லுக்கு ஆகாது. அதைக் கண்டால் அந்த இடத்திலேயே கோப்பு படுத்துவிடும். வடிகட்டி வைக்கும் சீமெந்துத் தட்டுகளைச் செய்து குடுத்தவர் எங்கள் கீழ்க்கடை முதலாளிதான். விநியோகித்தவர் பெயர் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் வர வேண்டும். அவருடைய பெயர்ப்பலகையிலோ அந்தக் குறி என் தலையளவுக்கு இருக்கிறது.

ஒரு காலைப்பொழுது முழுக்க எல்லாக் கோப்பும் விழுந்தபடி இருந்தது. கண்டுபிடித்து மாற்றி எழுதிவிட்டு, மரியாதைக்கு அவரிடம் போய், உங்கள் கடைப் பெயரில் அந்தக் குறியை எடுக்கிறேன், குறை நினைக்காதேங்கோ என்றேன். அவர் கல்லாவை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கும் மூத்தவனுக்கும் இடையில மருமகள் வந்தே ஒண்டும் நடக்கேல்லை. உங்கட கொம்பியூட்டரோ பிரிக்கப் போகுது?"

பச்சை

அந்த வருசம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, ஸ்கீமாவின் புதுப் பதிப்பு வந்தது. பின்னேரம் ஐந்து மணிக்கு முன் புதுப் பதிப்பில் கோப்பு ஏற வேண்டும், இல்லாவிட்டால் இந்தத் தொகுதி அடுத்த வருசத்துக்குப் போய்விடும் என்று ருவன் எழுதியிருந்தார். அவருக்கு அது ஒரு சாதாரணத் திங்கட்கிழமை. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு ஆள் எங்கே இருக்கிறது? குகன் அண்ணை முதல் நாளே பாற்செம்பு எடுக்க வெளிக்கிட்டுவிட்டார். தொண்டர்கள் எல்லாரும் கோயிலில், தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. நானும் பர்சானாவும் மட்டும்.

புதுப் பதிப்பில் ஒரு புதுக் கட்டாயம்: ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் குறைந்தது ஒரு கிணறாவது இருக்க வேண்டும். எங்கள் கோப்பில் முப்பத்தெட்டு வீடுகளுக்குக் கிணறு வெறுமையாக இருந்தது. ருவனைக் கேட்டேன். "கிணறு இல்லாத வீட்டுக்குக் கிணற்றுத் தண்ணீர் வடிகட்டி எதற்கு, மிஸ்?" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தொண்டர்கள் பிழை விட்டிருப்பார்கள், பிறகு பார்க்கலாம் என்று நினைத்தேன். பிறகு பார்க்கலாம்! இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய பொய்யை நான் கேட்டதில்லை, அதையும் நானேதான் எனக்குச் சொன்னேன். 'கிணறு இல்லாத வீட்டைத் தாண்டிப் போ' என்று நிரலில் ஒரே ஒரு வரி எழுதினேன். நாலு மணி ஐம்பதுக்குத் திரை பச்சையானது. பர்சானா தேத்தண்ணி போட்டாள்.

குகன் அண்ணைக்குத் தொலைபேசி அடித்துச் சொன்னேன். பின்னால் பறைச் சத்தம், சனத்தின் சத்தம், அவர் கத்தித்தான் கதைத்தார்.

"கடல் தண்ணியில விளக்கெரியிற இடத்தில நிண்டு உன்ர கோப்புக்கும் சேத்துத்தான் நேந்தனான். ஏறாமல் என்ன செய்யும்?"

தண்ணி ஒண்டுதானே

இரண்டு மாதம் போயிருக்கும். வடிகட்டிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன, நாங்கள் அந்த வேலையை மறந்து வேறொன்றில் மாரடித்துக்கொண்டிருந்தோம். ஒரு மத்தியானம் ஒரு பெண் குடையை மடக்கியபடி படியேறி வந்தார். கையில் ஒரு ஷொப்பிங் பை, அதற்குள் கிளினிக் கொப்பி. பெயர் பரமேஸ்வரி, விசுவமடுவிலிருந்து வருகிறார். திட்டக்காரரின் இங்கத்தைய அலுவலகத்துக்குப் போனாராம், பெயர்ப் பட்டியலை நாங்கள் எழுதுவதில்லை, கொம்பியூட்டர்காரரைக் கேளுங்கோ என்று எங்கள் மாடியைக் காட்டி விட்டிருக்கிறார்கள். "பக்கத்து வீட்டுக்குப் பில்ரர் வந்திட்டுது, பிள்ளை. எங்களுக்கு வரேல்லை. எங்கட இவருக்குச் சிறுநீரக வருத்தம். அந்தக் கிணத்துத் தண்ணியைத் தொடவேண்டாம் எண்டு டொக்டர் சொன்னவர். நான் பள்ளிக்கூடத்தடியில இருந்து நாளுக்கு ரெண்டு கான் தண்ணி சைக்கிளில கட்டிக்கொண்டு வாறன். எனக்கும் இடுப்பு ஏலாது."

கோப்பில் தேடினேன், அவருடைய பெயர் இல்லை. கிணறு இருக்கிறதா அக்கா என்று கேட்டேன். "ஓம், இருக்கு. பக்கத்து வளவுக்குள்ள. நாலு வீட்டுக்கும் பங்கு" என்றார். பங்குக் கிணறு. இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? எங்கள் வீட்டிலேயே கால் பங்குக் கிணறுதானே. கிணறு எந்த வளவில் இருக்கிறதோ அந்த வீட்டுக்கு மட்டும் தொண்டர்கள் கிணறு என்று எழுதியிருக்கிறார்கள், பங்குக்காரரின் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். நான் என்ன செய்தேன்? ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டேன்.

அதை அவரிடம் சொல்ல அன்றைக்கு எனக்குத் துணிவு வரவில்லை, "பார்க்கிறன் அக்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் கொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினார்.

"பில்ரர் குடுத்த வீட்டிலயும் எங்கட வீட்டிலயும் தண்ணி ஒண்டுதானே, பிள்ளை?"

கால் பங்கு

ருவனிடம் முதலில் பொதுவாகத்தான் கேட்டேன்: ஒரு கிணறு நாலு வீட்டுக்குச் சொந்தம் என்றால் எப்படி எழுதுவது? எழுத முடியாது என்றார். இந்த ஸ்கீமாவில் கிணறு ஒரு வீட்டுக்குள்தான் இருக்கலாம். பிள்ளைக்கு ஒரு தாய் போல, கிணற்றுக்கு ஒரு வீடு. உண்மையான உரிமையாளர் யார் என்று கேட்டு எழுதுங்கள் என்றார். அந்தச் சனிக்கிழமை நான் விசுவமடுவுக்குப் போனேன். கேட்டு எழுதவா, இல்லை என் குற்றத்தைக் கண்ணால் பார்க்கவா என்று எனக்கே தெரியவில்லை.

கிணறு சந்திரன் அண்ணையின் வளவில். நாலு பக்கமும் நாலு வீடு, எல்லா வேலியிலும் ஆள் நுழைய ஒரு பொட்டு, பொட்டால் வந்து தண்ணீர் எடுக்கலாம். குடாநாட்டிலிருந்து குடியேறி வந்த காலத்தில் நாலு வீட்டுத் தகப்பன்மாரும் சேர்ந்து வெட்டிய கிணறு. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது, கொட்டில் போடுவதற்கு முன்னமே நாலு வீட்டுக்காரரும் சேர்ந்து இறைத்துத் துப்புரவாக்கியது இந்தக் கிணற்றைத்தான். தோட்டத்துக்கு இறைக்க நாள் முறை இருக்கிறது, குடிக்க முறை இல்லை. வந்த ஒற்றை வடிகட்டியிலும் நாலு வீட்டுக்காரரும்தான் பிடிக்கிறார்கள். அது சொட்டுச் சொட்டாகத்தான் தரும். காலையில் முதல் பானை பரமேஸ்வரி அக்கா வீட்டு நோயாளிக்கு, அது ஒரு நேரத்துக்கே காணாது. மிச்சத்துக்கு அக்கா இன்னும் சைக்கிளில் கான் கட்டுகிறார்.

உரிமையாளர் யார் என்று நான் கேட்டதும் சந்திரன் அண்ணை அலுமாரியைத் திறந்து காணி உறுதியை எடுத்து வந்தார். கால் பங்கு, வழி வாய்க்கால் உரிமை எல்லாம் அதில் வடிவாக எழுதியிருந்தது.

"ஒராள்தான் எண்டு எழுதினால் மற்ற மூண்டு பேரும் என்னைப் பற்றி என்ன நினைப்பினம்? நாலு பேரையும் போட உங்கட கொம்பியூட்டரில இடமில்லையோ?"

பட்டியல்

திங்கட்கிழமை குகன் அண்ணையிடம் உள்ளதைச் சொன்னேன். முப்பத்தெட்டு வீடும் என் ஒரு வரியால் போனது, கொழும்புக்கு எழுத வேண்டும் என்றேன். அவர் யன்னலால் வீதியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: எழுதினால் அடுத்த கட்ட வேலை எங்களுக்கு வராது, கொஞ்சம் பொறு, அடுத்த கட்டத்தில் ஒருத்தருக்கும் தெரியாமல் சேர்த்து விடலாம். அடுத்த கட்டம் எப்போது என்று கேட்டேன். அவருக்கும் தெரியாது. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. அவரோடு கோபித்து என்ன? வரியை எழுதினது நான்.

பர்சானா அதுவரை தலை நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அவளுடைய குடும்பம் முல்லைத்தீவிலிருந்து வெளியேறி, எத்தனையோ வருசம் வேறு ஊரில் இருந்து திரும்பி வந்த குடும்பம். கையை எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"நாங்க திரும்பி வந்த நேரம் எங்கட வாப்பாட பேர் ஒரு லிஸ்டிலயும் இல்லை, குகன் அண்ணை. லிஸ்டில இல்லாட்டி நீங்க ஊரிலயே இருக்கேல்லை எண்டு சொல்லுவினம். அவர் பொறுத்துப் பொறுத்துத்தான் மௌத்தாப் போனவர்."

கடிதம்

அன்றைக்கே எழுதினேன். நாலு வரி. முப்பத்தெட்டு வீடுகள் விடுபட்டிருக்கின்றன. அவற்றுக்குக் கிணறு இல்லாமல் இல்லை, பங்கு இருக்கிறது. விட்டது தொண்டர்கள் இல்லை, நான். அதில் ஒரு வீட்டில் ஒரு நோயாளி இருக்கிறார்.

அனுப்புவதற்கு முன் குகன் அண்ணையிடம் காட்டினேன். கிழிப்பார் என்றுதான் நினைத்தேன். இரண்டு தரம் வாசித்தார். கண்ணைத் துடைத்தாரோ வியர்வையைத் துடைத்தாரோ தெரியாது, மின்விசிறி அன்றைக்கு வேலை செய்யவில்லை.

"உன்ர பேருக்குக் கீழ என்ர பேரையும் போடு. கடை என்ர கடை."

கிணறு வெட்டினது

ருவன் மறுமொழி எழுதவில்லை, நேரே தொலைபேசியில் எடுத்தார். சொன்னதற்கு நன்றி, விடுபட்டவர்களைச் சேர்க்கிற இரண்டாம் பட்டியல் இன்னும் மூன்று நாளைக்குத் திறந்திருக்கிறது, அனுப்புங்கள் என்றார். ஆனால் ஸ்கீமாவை மாற்ற முடியாது, அதற்கு மூன்று அலுவலகம் கையெழுத்து வைக்க வேண்டும். கிணற்றை நாலு வீட்டுக்குள்ளும் நாலு தரம் எழுதினால், ஒரே இடத்தில் இரண்டு கிணறு இருக்க முடியாது என்று கணினி தள்ளிவிடும். அப்ப என்னதான் செய்வது என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, "கிணறுகள் ஒரு மீற்றர் தள்ளி இருந்தால் கணினிக்கு ஆட்சேபனை இல்லை, மிஸ்" என்றார். உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த தண்டனையைப் பார்த்தீர்களா? அந்த உண்மையைக் கோப்பில் ஏற்ற இன்னொரு பொய் தேவைப்பட்டது. இம்முறை ருவனுக்கும் தெரிந்த பொய், அதுதான் வித்தியாசம்.

வெட்டினேன். பரமேஸ்வரி அக்காவுக்குக் கிழக்கே ஒரு மீற்றரில் ஒரு கிணறு, அடுத்த வீட்டுக்கு மேற்கே ஒன்று, மற்றதற்கு வடக்கே ஒன்று. பர்சானா பக்கத்தில் இருந்து எண்ணினாள். மண்வெட்டி இல்லை, வெடி இல்லை, ஒரு பின்னேரத்தில் முப்பத்தெட்டுக் கிணறு. தாங்கி வழிகிறது என்று கத்த வந்த கீழ்க்கடை முதலாளி, விசயத்தைக் கேட்டுவிட்டுக் கத்த மறந்து கதிரையில் இருந்துவிட்டார்.

"முப்பத்தெட்டுக் கிணறு கட்டியிருக்கிறியள். என்னட்ட ஒரு பைக்கற் சீமெந்து வாங்கேல்லையே!"

நிபுணர்

அந்த முப்பத்தெட்டு வடிகட்டியும் வருவதற்கு ஒரு கிழமைக்கு முன் கிளிநொச்சியில் ஒரு கூட்டம். கொழும்பிலிருந்து ருவனும் வந்தார், கூடவே தண்ணீர் பற்றிப் படித்த ஒரு பெரிய நிபுணரும் வந்தார். எங்கள் கோப்பிலிருந்து எடுத்த வரைபடத்தைச் சுவரில் போட்டார்கள். ஒவ்வொரு கிணறும் ஒரு சிவப்புப் புள்ளி. விசுவமடுப் பக்கத்தில் புள்ளிகள் நாலு நாலாக ஒட்டிக்கொண்டிருந்தன, அம்மை போட்டது போல. நிபுணர் எழும்பிக் கிட்டப் போய்ப் பார்த்தார். அந்த வீடுகளைப் பட்டியலில் இருந்து எடுக்கச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். குகன் அண்ணை தன் சப்பாத்தைப் பார்த்தபடி இருந்தார்.

ருவன் எழும்பி, அந்தப் பட்டியலுக்கு ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டது ஐயா என்று பணிவாகச் சொன்னார். சொல்லும்போது என் பக்கம் பார்க்கவே இல்லை. நிபுணர் தலையை ஆட்டிவிட்டு, வரைபடத்தில் பரமேஸ்வரி அக்காவின் கிணற்றிலேயே விரலை வைத்துச் சொன்னார்.

"இவ்வளவு நெருக்கமாக வெட்டினால் தண்ணீர் கெடாமல் என்ன செய்யும்? அயலவரோடு ஒரு கிணற்றைப் பங்கிட்டுக்கொள்ள இந்தச் சனங்களுக்கு யாராவது பழக்க வேண்டும்."

பஸ்

போன மாதம் பரமேஸ்வரி அக்கா திரும்பவும் படியேறி வந்தார். இம்முறை பையில் கிளினிக் கொப்பி இல்லை, பயித்தங்காய். வடிகட்டி வந்துவிட்டது. அவருடைய மனுசன் இன்னும் கிளினிக்குக்குப் போகிறார், அது மாறுகிற நோய் இல்லை. ஆனால் கான் கட்டுகிற வேலை நின்றுவிட்டது, டொக்டரும் போன முறை ஏசவில்லையாம். பர்சானா தேத்தண்ணி கொண்டு வந்து குடுத்தாள். இனியும் சொல்லாமல் இருந்தால் எனக்கு நித்திரை வராது என்று நினைத்து, "அக்கா, உங்கட பேரை விட்டது நான்தான்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தையும் சொன்னேன், கிணறு வெட்டினதையும் சொன்னேன். கிணறு வெட்டின இடத்தில் சிரித்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன், அவர் ஏசியிருந்தால் எனக்கு நல்லாக இருந்திருக்கும்.

தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "மற்ற முப்பத்தேழு வீட்டுக்காரரும் உங்களிட்ட வந்து கேட்டவையோ?" இல்லை அக்கா, நீங்கள் மட்டும்தான் வந்தனீங்கள் என்றேன். கோப்பையைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களிட்ட வந்த அண்டைக்குப் பஸ் நல்லாப் பிந்திப் போச்சுது, பிள்ளை. இன்னும் அஞ்சு நிமிசம் பாத்திட்டுத் திரும்பிப் போவம் எண்டுதான் நிண்டனான்."

ஒரு அடையாளத்தை மூடாமல் விட்டால் கணினி அந்த நிமிசமே குய்யோ முறையோ என்று கத்தும், முப்பத்தெட்டு வீட்டை விட்டால் பச்சை காட்டிவிட்டுச் சும்மா இருக்கும், மிச்சத்தை விசுவமடு பஸ்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.